பழைய டெஸ்க்டாப்பில் ஓஎஸ் ஏற மாட்டேன் என்கிறதா? எங்கே நிற்கிறது என்று பார்த்துக் கோளாறைப் பிடியுங்கள்

"ஒரு தடவை ஃபார்மட் அடிச்சுட்டா சரியாயிடும்." பழைய கம்ப்யூட்டர் எதற்காக மக்கர் செய்தாலும் முதலில் வருகிற யோசனை இதுதான். சில சமயம் சரியாகவும் ஆகும். ஆனால் பத்து வயதைத் தாண்டிய டெஸ்க்டாப்பில் ஓஎஸ் (விண்டோஸ், லினக்ஸ் மாதிரி இயங்குதளம்) மறுபடி போடும்போது ஹார்ட் டிஸ்க், ரேம், எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) எல்லாம் ஒரே நேரத்தில் முழு மூச்சாக வேலை செய்கின்றன. பிரௌசரும் வேர்டும் மட்டும் ஓடிக்கொண்டிருந்த வரை வெளியே தெரியாத கோளாறு, இன்ஸ்டாலேஷன் பாதியில் இருக்கும்போது தலை காட்டும். எந்த இடத்தில் நிற்கிறது, எப்படி நிற்கிறது என்று கவனித்தாலே எந்தப் பாகத்தில் கோளாறு என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பென் டிரைவை மாற்றி, ஐஎஸ்ஓவை (ஓஎஸ் முழுவதும் அடங்கிய ஒரே ஃபைல்) மாற்றி ராத்திரி முழுக்க உட்கார வேண்டியதில்லை.

இந்தக் குறிப்பு எச்61 சிப்செட் மதர்போர்டு, இரண்டாம் அல்லது மூன்றாம் தலைமுறை இன்டெல் ஐ3 செயலி, 4 ஜிபி டிடிஆர்3 ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் உள்ள சிஸ்டத்தை மனதில் வைத்து எழுதியது. எச்61 வந்தது 2011-இல். டிடிபி கடைகளிலும் கணக்கர் அலுவலகங்களிலும் வீடுகளிலும் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது பெரும்பாலும் இந்த ரகம்தான். இதற்கு முந்தைய கோர் 2 டுவோவுக்கும் முக்கால்வாசி பொருந்தும். பொருந்தாத இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

கை வைக்கும் முன்

பேக்கப் எடுக்கச் சொன்னால் டி டிரைவையும் போட்டோ ஃபோல்டரையும் மட்டும் காப்பி செய்துவிட்டு நிற்பவர்கள் அதிகம். போய்விட்டதே என்று பிறகு தேடுவது எல்லாம் சி டிரைவில்தான் இருக்கும். டெஸ்க்டாப்பில் கிடப்பவை, டவுன்லோட்ஸ், அவுட்லுக் மெயில்களைச் சேமிக்கும் பிஎஸ்டி ஃபைல், பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், டேலி கணக்கு மென்பொருளின் டேட்டா ஃபோல்டர். டேலியைத் திறந்து, டேட்டா எந்தப் பாதையில் இருக்கிறது என்று கம்பெனி தேர்வுத் திரையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பழைய டேலி ஈஆர்பி 9 பெரும்பாலும் சி டிரைவிலேயே தன் பெயரில் ஒரு ஃபோல்டர் வைத்திருக்கும். இன்னொன்று, விண்டோஸுக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டர். தமிழில் டைப் செய்கிற சிஸ்டம் என்றால் இதை மறக்கவே கூடாது. காரணம் கடைசியில்.

டி டிரைவுக்கு இப்போதே ஒரு பெயர் வையுங்கள். இன்ஸ்டாலேஷன் திரையில் சி, டி என்ற எழுத்துகள் வராது. டிரைவ் 0 பார்ட்டிஷன் 1, பார்ட்டிஷன் 2 என்றுதான் வரும் (பார்ட்டிஷன் என்றால் டிஸ்க்கின் ஒரு பிரிவு), பக்கத்தில் நாம் வைத்த பெயரும் அளவும் தெரியும். இரண்டு பார்ட்டிஷனும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்து, பெயரும் வைக்கவில்லை என்றால் எதை அழிக்கிறோம் என்பது குருட்டாம்போக்குதான்.

எந்த ஓஎஸ் என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு முடிந்தது. குரோம் 109-க்குப் பிறகு அதில் புதிய பதிப்பு கிடையாது. வெளியுலகத்தோடு பேச வேண்டிய சிஸ்டத்தில் அதைப் போடாதீர்கள். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் குறையக் கூடாது. அந்தச் சோதனையைத் தாண்டிப் போடும் வழிகள் இருக்கின்றன. ஆனால் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு கோர் 2 டுவோவில் எந்த வழியிலும் பூட் ஆகாது (தொடங்கவே செய்யாது), அதற்கு வேண்டிய கட்டளைத் தொகுதி அந்தச் செயலியிலேயே இல்லை. டேலியோ வேறு விண்டோஸ் மென்பொருளோ கட்டாயம் என்றில்லாத வீட்டுக்கு என் ஓட்டு லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலவச ஓஎஸ்ஸுக்கு. அதன் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு இருக்கிறது, 4 ஜிபி ரேமில் நன்றாகவே ஓடும்.

யூபிஎஸ் பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது என்றும் பாருங்கள். பார்ட்டிஷன் எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் திரும்ப முதலிலிருந்துதான்.

பவர் வருகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை

இது ஓஎஸ் பிரச்சினையே அல்ல. பீப் சத்தம் விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தால் முதல் சந்தேகம் ரேம். மின்சாரத்தைத் துண்டித்து, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்சம் இருக்கும் மின்னூட்டத்தைப் போக்கிவிட்டு ரேமைக் கழற்றுங்கள். தங்க நிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் தேயுங்கள். கறுப்பு படிந்திருந்தது பளிச்சென்று ஆகும். ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழாதபடி துடைத்துவிட்டு, இரண்டு பக்கக் கொக்கியும் 'க்ளக்' என்று விழும்வரை அழுத்திப் பொருத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பிறகு அதே ரேமை அடுத்த ஸ்லாட்டில். ஸ்லாட் போன போர்டுகளும் உண்டு.

பீப்பும் இல்லை, திரையும் இல்லை என்றால் தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் கழற்றிவிட்டு போர்டிலேயே இருக்கும் விஜிஏ சாக்கெட்டில் மானிட்டரை மாட்டிப் பாருங்கள். அப்படியே செயலியைச் சுற்றி நிற்கும் சின்ன உருளைகளான கெபாசிட்டர்களின் தலையையும் ஒரு பார்வை. தட்டையாக இருக்க வேண்டியது உப்பியோ கசிந்தோ இருந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிடலாம்.

ஒவ்வொரு முறையும் தேதி பின்னால் போகிறது, எஃப்1 அழுத்தச் சொல்கிறது

போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. 3 வோல்ட், நாணய வடிவம், வாட்ச் கடையில் கிடைக்கும். இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிட்டு ஓஎஸ் போட ஆரம்பித்தால் இரண்டு விதமாக வம்பு வரும். ஒன்று, பயாஸில் (ஓஎஸ் வருவதற்கு முன் போர்டை இயக்கும் புரோகிராம்) நீங்கள் வைத்த பூட் வரிசையும் சாட்டா மோடும் (டிஸ்க்கோடு போர்டு பேசும் முறை) பவர் துண்டிக்கும்போதெல்லாம் பழையபடி மாறிவிடும். நேற்று பூட் ஆன விண்டோஸ் இன்று ப்ளூ ஸ்கிரீன் காட்டும். இரண்டு, தேதி 2011-க்குப் போய்விட்டால் எந்த இணையதளமும் திறக்காது. அவற்றின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் இன்னும் பிறக்கவே இல்லை என்று பிரௌசர் நினைக்கும். அப்டேட்டும் நடக்காது, ஆக்டிவேஷனும் நடக்காது. நெட் போய்விட்டது என்று ரவுட்டரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்போம்.

பேட்டரியை முதலிலேயே மாற்றிவிட்டு, பயாஸுக்குள் போய் தேதியைச் சரிசெய்து, சாட்டா மோடை ஏஎச்சிஐ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐடிஇ என்ற பழைய முறையில் வைத்து ஓஎஸ் போட்டுவிட்டு அப்புறம் மாற்றினால் 'இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத் திரையில் நிற்கும்.

பென் டிரைவ் பூட் ஆகவில்லை

பூட் மெனு கீ போர்டுக்குப் போர்டு மாறும். ஜிகாபைட்டில் எஃப்12, ஆசுஸில் எஃப்8, எம்எஸ்ஐ, ஆஸ்ராக்கில் எஃப்11, எச்பி சிஸ்டத்தில் எஃப்9, டெல், லெனோவோவில் எஃப்12. பவர் போட்டதிலிருந்தே தட்டிக்கொண்டிருங்கள்.

மெனுவில் பென் டிரைவ் பெயரே வரவில்லை என்றால், கேபினெட்டின் முன்பக்க போர்ட்டில் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். முன்பக்க ஒயர்கள் பழசாகி வோல்டேஜ் இறங்கியிருக்கும். பின்பக்கம், போர்டிலேயே பதித்திருக்கும் கறுப்பு நிற யூஎஸ்பி 2 போர்ட்தான் பத்திரம். நீல நிற யூஎஸ்பி 3 போர்ட் எச்61 போர்டில் இருந்தால் அது தனி சிப் வழியாக வருவது. சிப்செட்டுக்கு யூஎஸ்பி 3 கிடையாது. அதிலிருந்து பூட் ஆகாத போர்டுகள் உண்டு.

பெயர் வருகிறது, தேர்வு செய்தால் கருந்திரையில் கோடு மட்டும் மினுக்குகிறது என்றால் பென் டிரைவ் தயாரித்த விதத்தில் பொருத்தமில்லை. பூட் ஆகும் பென் டிரைவ் செய்து தரும் ரூஃபஸ் என்ற புரோகிராமில் தயாரிக்கும்போது பார்ட்டிஷன் ஸ்கீம் எம்பிஆர், டார்கெட் பயாஸ் என்று தேர்ந்தெடுங்கள். எச்61 போர்டுகளில் ஆரம்ப கால பயாஸ் உள்ளவை யூஇஎஃப்ஐ-யை (பயாஸுக்குப் பதிலாக வந்த புதிய முறை) அரைகுறையாகத்தான் ஆதரிக்கும். 2 டிபிக்கு உட்பட்ட டிஸ்க்குக்கு எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் அட்டவணை தாராளமாகப் போதும், இந்த வயதுள்ள போர்டில் அதன் புதிய வடிவமான ஜிபிடி-க்காகப் போராடுவதில் பிரயோசனம் இல்லை.

ஐஎஸ்ஓவைத் திறந்து உள்ளே இருப்பதை வெறுமனே பென் டிரைவுக்குக் காப்பி செய்பவர்களுக்கு ஒரு தகவல். பென் டிரைவுகளில் வழக்கமாக இருக்கும் எஃப்ஏடி32 ஃபார்மட்டில் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போக முடியாது. இப்போது வரும் விண்டோஸ் ஐஎஸ்ஓவில் இன்ஸ்டால் ஃபைல் மட்டுமே அதைத் தாண்டுவது சகஜம்.

செட்டப் திரை வந்துவிட்டது, கீபோர்டும் மவுஸும் அசையவில்லை

விண்டோஸ் 7 போட முயன்றால் மட்டும் வரும் கூத்து இது. அதன் செட்டப்புக்குள் யூஎஸ்பி 3 டிரைவர் (அந்த போர்ட்டை இயக்கும் மென்பொருள்) கிடையாது. எச்61-இல் பின்பக்கக் கறுப்பு போர்ட்டுக்கு மாற்றினால் போதும். 2015-இல் வந்த 100 வரிசை போர்டுகளில் பழைய யூஎஸ்பி 2 கன்ட்ரோலரையே எடுத்துவிட்டார்கள், அங்கே போர்ட் மாற்றிப் பயனில்லை. ஊதா, பச்சை நிற வட்டமான பிஎஸ்2 சாக்கெட் இருந்தால் பழைய கீபோர்டு ஒன்றைத் தேடி மாட்டுங்கள். விண்டோஸ் 10-இல் இந்தத் தொல்லை இல்லை.

"தேவையான மீடியா டிரைவர் இல்லை" என்கிறது

செய்தியைப் படித்துவிட்டு டிரைவரைத் தேடி அலைய வேண்டாம். இந்த ரக சிஸ்டத்தில் பத்தில் ஒன்பது தடவை டிரைவருக்கும் இதற்கும் சம்பந்தமே இருக்காது. செட்டப் தன்னுடைய பென் டிரைவையே படிக்க முடியாமல் அப்படிச் சொல்கிறது. வேறு யூஎஸ்பி போர்ட்டில் செருகி மறுபடி தொடங்குங்கள். அப்போதும் வந்தால் ஐஎஸ்ஓ டவுன்லோட் பாதியில் கெட்டிருக்கலாம், அல்லது பென் டிரைவ் போலி. 64 ஜிபி என்று மேலே அச்சடித்து உள்ளே 8 ஜிபி வைத்து விற்கும் சரக்கு சந்தையில் ஏராளம். காப்பி ஆனது போலவே காட்டும், படிக்கப் போனால்தான் காலியாக இருக்கும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறிய புரோகிராம் முழுக்க எழுதிப் படித்துப் பார்த்து உண்மையான கொள்ளளவைச் சொல்லிவிடும்.

ஹார்ட் டிஸ்க் பட்டியலில் வரவே இல்லை

முதலில் பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். அங்கேயும் இல்லை என்றால் கேபிள்தான் முதல் குற்றவாளி. சாட்டா டேட்டா கேபிளை மாற்றுங்கள், போர்டில் வேறு சாக்கெட்டில் செருகுங்கள், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் பவர் கனெக்டரையும் மாற்றுங்கள். நான்கு முனை மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் மலிவான கன்வெர்ட்டர் நடுவில் இருந்தால் அதை நம்பாதீர்கள். டிஸ்க்கில் விரலை வைத்தால் சுழலும் அதிர்வு தெரிய வேண்டும். 'டிக்... டிக்...' என்று சீராக அடித்துவிட்டு அடங்கிப் போனால் தட்டைப் படிக்கும் ஹெட் போய்விட்டது. உள்ளே வேண்டிய டேட்டா இருந்தால் அதற்கு மேல் ஒரு தடவைகூட பவர் கொடுக்காமல் டேட்டா மீட்பவரிடம் கொண்டுபோங்கள்.

பயாஸில் தெரிகிறது, செட்டப்பில் தெரியவில்லை என்றால் சாட்டா மோடு ரெய்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் முறை) என்று இருக்கும். பிராண்டட் சிஸ்டங்களில் பார்க்கலாம். ஏஎச்சிஐ-க்கு மாற்றினால் வந்துவிடும்.

"இந்த டிஸ்க்கில் விண்டோஸ் நிறுவ முடியாது"

டிஸ்க் தெரிகிறது, நெக்ஸ்ட் பட்டன் மங்கிக் கிடக்கிறது, கீழே ஜிபிடி என்றோ எம்பிஆர் என்றோ ஒரு வரி. பென் டிரைவ் எந்த முறையில் பூட் ஆனதோ அந்த முறைக்கு டிஸ்க்கின் வடிவம் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். பயாஸ் முறை என்றால் எம்பிஆர், யூஇஎஃப்ஐ முறை என்றால் ஜிபிடி. பூட் மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு தடவை, ஒன்று முன்னால் யூஇஎஃப்ஐ என்ற சொல்லோடும் இன்னொன்று அது இல்லாமலும் வருவதைக் கவனித்திருப்பீர்கள். அடுத்த வரியைத் தேர்ந்தெடுத்து மறுபடி பூட் செய்தாலே பல நேரம் தீர்ந்துவிடும், டிஸ்க்கில் எதையும் அழிக்க வேண்டாம். டி டிரைவில் டேட்டா இருப்பவர்கள் இந்த வழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

டிஸ்க்கில் காப்பாற்ற ஒன்றுமே இல்லை என்றால் மட்டும் அடுத்த வழி. செட்டப் திரையில் ஷிஃப்ட், எஃப்10 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கறுப்புக் கட்டளைத் திரை திறக்கும். டிஸ்க்பார்ட் என்று அடித்து என்டர். பிறகு லிஸ்ட் டிஸ்க். வரும் பட்டியலில் ஜிபி அளவைப் பார்த்து உங்கள் டிஸ்க் எண்ணை உறுதி செய்யுங்கள். பென் டிரைவும் அதே பட்டியலில்தான் இருக்கும், யூஎஸ்பியில் வெளி ஹார்ட் டிஸ்க் மாட்டியிருந்தால் அதுவும் இருக்கும். பேக்கப் எடுத்த டிஸ்க்கை இந்த நேரத்தில் செருகி வைத்திருக்கவே கூடாது. செலக்ட் டிஸ்க் 0, க்ளீன், கன்வெர்ட் எம்பிஆர், எக்சிட். இங்கே தமிழில் எழுதினாலும் அடிக்கும்போது ஆங்கிலத்தில்தான். க்ளீன் அடித்தால் "நிச்சயமா?" என்று கேட்காது. அடித்த விநாடியே பார்ட்டிஷன் அட்டவணை காலி.

பாதியில் நின்றுவிடுகிறது

இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். 'நின்றுவிடுகிறது' என்று எல்லோரும் ஒரே சொல்லில் சொல்வார்கள், ஆனால் நிற்பதில் நான்கு விதம் இருக்கிறது.

திரை சட்டென்று அணைகிறது, அல்லது எந்தச் செய்தியும் இல்லாமல் ரீஸ்டார்ட் ஆகிறது. இது சூடு அல்லது எஸ்எம்பிஎஸ். ஹீட் சிங்க்கின் நான்கு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று கழன்று தூக்கிக்கொண்டிருக்கும், அல்லது தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருக்கும், அல்லது ஃபேனுக்கும் அலுமினியத் தகடுக்கும் நடுவில் தூசி கம்பளம் மாதிரி படிந்திருக்கும். பயாஸுக்குள் போய் செயலியின் வெப்பநிலை காட்டும் பக்கத்தைத் திறந்து பத்து நிமிடம் சும்மா விடுங்கள். வேலை எதுவும் செய்யாமலே 80 டிகிரியை நோக்கி ஏறினால் வேறு சாட்சி வேண்டாம். பழைய பேஸ்ட்டைத் துடைத்து, பட்டாணி அளவுக்குப் புதிது வைத்து மாட்டுங்கள். சூடு சரியாக இருந்தும் அணைந்தால் வேறு எஸ்எம்பிஎஸ் மாட்டிப் பாருங்கள். கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ் பத்து வருடம் ஓடியதே பெரிய விஷயம்.

நீலத் திரை வருகிறது, ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயரில். ரேம். ஒரே பெயரில் திரும்பத் திரும்ப வந்தால் டிரைவரோ ஏதாவது ஒரு சாதனமோ. பெயர் மாறிக்கொண்டே இருந்தால் ரேம்தான். மெம்டெஸ்ட்86+ என்ற ரேம் சோதனைப் புரோகிராமைப் பென் டிரைவில் போட்டு பூட் செய்து ஒரு முழுச் சுற்றாவது ஓட விடுங்கள். சிவப்பில் ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேம் லாயக்கில்லை. 'ஒண்ணுதானே' என்று விடக் கூடாது. ஒரு பிட் தவறினாலும் நிறுவும் ஃபைலில் அது அப்படியே எழுதப்பட்டுவிடும்.

பிழை எண்ணோடு நிற்கிறது. அதிகம் பார்ப்பது 80070570 என்று முடியும் எண். ஃபைல் சிதைந்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் ஃபைல் எங்கே சிதைந்தது என்று அது சொல்லாது. பென் டிரைவிலேயே கெட்டிருக்கலாம், படித்து ரேமில் வைத்தபோது கெட்டிருக்கலாம், டிஸ்க்கில் எழுதும்போதும் கெட்டிருக்கலாம். பிரிப்பதற்கு எளிய வழி, அதே பென் டிரைவில் அதே சதவீதத்தில் மறுபடி நிற்கிறதா என்று பார்ப்பது. ஒரே இடத்தில் நின்றால் பென் டிரைவோ ஐஎஸ்ஓவோ. இடம் மாறி மாறி நின்றால் ரேம்.

எண்ணும் இல்லை, நீலமும் இல்லை, சதவீதம் மட்டும் மணிக்கணக்காக நகரவில்லை. மவுஸ் அசைகிறது, டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறது. டிஸ்க்கில் பேட் செக்டர், அதாவது கெட்டுப்போன இடம். ஒரே இடத்தை எழுத முயன்று முயன்று தோற்றுக்கொண்டிருக்கிறது. டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு சிஸ்டத்தில் மாட்டி டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற புரோகிராமில் பாருங்கள். நீலம் நல்லது, மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு மோசம். நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். 'கரண்ட் பெண்டிங் செக்டர்' என்ற வரியில் பூஜ்யத்தைத் தவிர வேறு எது இருந்தாலும் அந்த டிஸ்க்கில் ஓஎஸ் போடாதீர்கள். 'ரீஅலோகேட்டட் செக்டர்ஸ்' ஏறிக்கொண்டே போனாலும் அப்படித்தான். 'சிஆர்சி எரர்' என்ற வரி மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க் மேல் தப்பில்லை, சாட்டா கேபிளை மாற்றுங்கள். நூறு ரூபாய்க்குள் முடியும் கோளாறுக்கு டிஸ்க்கையே தூக்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பேட் செக்டரை ஒதுக்கிவிட்டு மீதியில் பார்ட்டிஷன் போட்டு ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். ஓடும். எத்தனை நாள் என்பதுதான் கேள்வி. அடுத்தவருடைய கணக்கு வழக்கு இருக்கிற சிஸ்டத்தில் நான் அதைச் செய்ய மாட்டேன்.

ரீஸ்டார்ட் ஆகி மறுபடி முதல் திரைக்கே வருகிறது

இது கோளாறு இல்லை. ஃபைல்களைக் காப்பி செய்து முடித்து ரீஸ்டார்ட் ஆகும்போது சிஸ்டம் மீண்டும் பென் டிரைவிலிருந்தே பூட் ஆகிறது. முதல் ரீஸ்டார்ட்டில் திரை கறுத்ததும் பென் டிரைவை உருவிவிடுங்கள்.

உருவியதும் "ரீபூட் அண்ட் செலக்ட் பிராப்பர் பூட் டிவைஸ்" என்று வந்தால் பயாஸில் ஹார்ட் டிஸ்க்குகளுக்குள்ளேயே எது முதலில் என்று தனி வரிசை இருக்கும், அதைப் பாருங்கள். இரண்டு டிஸ்க் உள்ள சிஸ்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. புது எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) விண்டோஸ் போட்டிருப்போம், பூட் ஃபைல்களை அது பழைய ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்திருக்கும். ஒரு நாள் பழைய டிஸ்க்கைக் கழற்றினால் எஸ்எஸ்டியும் பூட் ஆகாது. ஓஎஸ் போடும்போது மற்ற டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றி வைப்பது இதற்காகத்தான்.

ஃபார்மட் செய்யாமல் பழைய சி டிரைவ் மேலேயே போட்டுவிட்டீர்கள், டெஸ்க்டாப்பில் இருந்ததெல்லாம் காணோம் என்றால் பதற வேண்டாம். சி டிரைவில் விண்டோஸ் டாட் ஓல்டு என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதற்குள் யூசர்ஸில் எல்லாம் இருக்கும். வழக்கமாகப் பத்து நாளில் அது தானாகவே அழிந்துவிடும், அன்றைக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏறிவிட்டது, ஆனால் நெட் இல்லை, திரை பெரிதாகத் தெரிகிறது

நெட் கேபிள் செருகும் லேன் போர்ட்டுக்கான டிரைவர் இல்லாமல் நெட் வராது, நெட் இல்லாமல் லேன் டிரைவர் எடுக்க முடியாது. ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் செருகி, அமைப்புகளில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். விண்டோஸ் 10 அதை நெட்வொர்க் கார்டாக எடுத்துக்கொள்ளும், லினக்ஸும் அப்படியே. போனில் வைஃபை இணைந்திருந்தால் மொபைல் டேட்டாகூடச் செலவாகாது. அதை வைத்து விண்டோஸ் அப்டேட்டை ஓட விட்டால் லேன், சவுண்ட், சிப்செட் எல்லாம் அதுவே தேடி எடுத்துக்கொள்ளும்.

இரண்டாம் தலைமுறை ஐ3-இல் உள்ள எச்டி 2000 கிராஃபிக்ஸுக்கு இன்டெல் விண்டோஸ் 10 டிரைவர் வெளியிடவே இல்லை. பழைய டிரைவர் விண்டோஸ் அப்டேட் வழியாக வரும், அதோடு திருப்திப்பட வேண்டியதுதான். 'டிரைவர் பேக்', 'டிரைவர் அப்டேட்டர்' என்று விளம்பரத்தில் வரும் எதையும் இறக்காதீர்கள்.

லினக்ஸ் மின்ட் பென் டிரைவிலிருந்து பூட் ஆகும்போதே கருந்திரை வந்தால் தொடக்க மெனுவில் 'கம்பாட்டிபிலிட்டி மோட்' என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். பழைய என்விடியா கார்டு உள்ளவர்களுக்கு இது அடிக்கடி வேண்டியிருக்கும்.

ஏறிவிட்டது, ஆனால் ஆமை வேகம்

டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று நிற்கிறதா? முதல் நாள் முழுக்க அப்டேட்டும் இன்டெக்ஸிங்கும் ஓடுவதால் அப்படி இருப்பது வழக்கம், ஒரு நாள் பொறுங்கள். அதற்கு மேலும் இருந்தால் விண்டோஸ் 10-ஐ ஹார்ட் டிஸ்க்கில் ஓட்டுவதற்கான தண்டனை அது. எந்த ட்யூனிங்கும் இதைத் தீர்க்காது. சிறிய சாட்டா எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி அதில் ஓஎஸ் போடுங்கள். எச்61-இன் சாட்டா விநாடிக்கு 3 கிகாபிட் வரைதான், எஸ்எஸ்டியின் முழு வேகம் கிடைக்காது என்று யாராவது சொன்னால் அது உண்மைதான். ஆனால் ஹார்ட் டிஸ்க் திணறுவது சின்னச் சின்ன ஃபைலுக்காக ஹெட் அங்குமிங்கும் ஓடுவதால். எஸ்எஸ்டியில் ஓட வேண்டிய ஹெட்டே இல்லை. பணம் ஒன்றுக்குத்தான் என்றால் ரேமைவிட எஸ்எஸ்டிக்கே முதலிடம்.

ஆக்டிவேட் ஆகவில்லை

அதே சிஸ்டத்தில் முன்பு முறையாக ஆக்டிவேட் ஆன விண்டோஸ் 10 இருந்தால் கீ தேவையில்லை. செட்டப் கேட்கும்போது 'கீ இல்லை' என்று சொல்லி, பழைய எடிஷனையே தேர்ந்தெடுங்கள். ஹோம் இருந்த இடத்தில் புரோ போட்டால் ஆக்டிவேட் ஆகாது. லைசென்ஸ் மதர்போர்டோடு சேர்ந்தது, டிஸ்க் மாற்றினாலும் ரேம் மாற்றினாலும் போகாது. விண்டோஸ் 7, 8 கீயை வைத்து 10-ஐ ஆக்டிவேட் செய்யும் வழியை மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் மூடிவிட்டது. கிராக் பக்கம் போகாதீர்கள். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டச் சொல்லும் எதுவும் நல்லதற்கில்லை.

கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் தப்பாகக் காட்டுகிறது

விண்டோஸும் லினக்ஸும் ஒரே சிஸ்டத்தில் இருந்தால் வரும். பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். பேட்டரி போனால் தேதி வருடக் கணக்கில் பின்னால் போகும், இங்கே பிசகுவது கிரீன்விச் நேரத்துக்கும் இந்திய நேரத்துக்கும் உள்ள 5.30 மணி மட்டும். போர்டின் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் எடுத்துக்கொள்கின்றன. லினக்ஸின் டைம்டேட்சிடிஎல் கட்டளையில் உள்ளூர் நேரம் என்று ஒரு தடவை மாற்றி வைத்தால் இரண்டும் ஒத்துப்போகும்.

பழைய தமிழ்க் கடிதங்கள் எல்லாம் குப்பையாகத் தெரிகின்றன

ஓஎஸ் நன்றாக ஏறி, எல்லாம் முடிந்து, சிஸ்டத்தைக் கொண்டுபோய்க் கொடுத்த பிறகு போன் வருவது இதற்காகத்தான். "என் பத்திரம் எல்லாம் இங்கிலீஷா மாறிடுச்சு சார்." எதுவும் மாறவில்லை. அந்த ஃபைல்கள் யூனிகோடுக்கு (எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) முந்தைய ஃபாண்டில் டைப் செய்தவை. உள்ளே சேமிக்கப்பட்டிருப்பது வெறும் ஆங்கிலக் குறிகள்தான், ஃபாண்ட்தான் அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுத்தது. ஃபார்மட்டில் ஃபாண்ட் போனதும் அடியில் இருந்தது தெரிகிறது.

எந்த ஃபாண்ட் என்று கண்டுபிடிக்க வேர்டில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து மேலே ஃபாண்ட் பெட்டியைப் பாருங்கள். நிறுவப்படாத ஃபாண்டாக இருந்தாலும் அதன் பெயரை அங்கே காட்டும். நோட்பேட் ஃபைலில் அந்த வசதி இல்லை. அங்கே எழுத்துகளுக்கு நடுவே எங்கு பார்த்தாலும் அரைப்புள்ளியாகக் கிடந்தால் பாமினி, அல்லது அதே விசை அமைப்பில் செய்த ஒரு ஃபாண்ட். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அந்தக் குறியில்தான் உட்கார்ந்திருக்கிறது. கோடு போட்ட லத்தீன் எழுத்துகளும் விசித்திரக் குறிகளும் நிறைய இருந்தால் டாம், டாப், டிஸ்கி வகைகளில் ஒன்றாக இருக்கலாம்.

பேக்கப்பில் ஃபாண்ட்ஸ் ஃபோல்டர் இருந்தால் அதிலிருந்து அந்த ஒன்றை மட்டும் எடுத்து வலது கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுங்கள். மொத்த ஃபோல்டரையும் புதிய விண்டோஸின் மேல் கொட்டக் கூடாது. பேக்கப் எடுக்காமல் டிஸ்க்கை மட்டும் மாற்றியவர்கள் பழைய டிஸ்க்கை யூஎஸ்பி கேஸில் போட்டு அங்கிருந்து எடுக்கலாம். புதிதாக டைப் செய்வதற்கு விண்டோஸ் 10-இன் 2019 மே பதிப்பிலிருந்து தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது, மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் போதும். பாமினி விசைப்பலகையிலேயே கை பழகியவருக்குத் தனியாக ஒரு தட்டச்சு மென்பொருள் போட்டுக் கொடுங்கள். ஃபாண்டை நிறுவியதும் திறந்திருக்கும் வேர்டை மூடிவிட்டு மறுபடி திறக்க வேண்டும், இல்லாவிட்டால் அதே குப்பைதான் தெரியும்.